பொரிகடலை அக்கா

உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த டீ நன்றாக இருந்தது, மேடம். சர்க்கரைதான் ஒரு கை தூக்கல். எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே என்பதற்காகச் சொன்னேன், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறையை எப்படிச் சொல்வது, எப்படி வாங்கிக்கொள்வது என்பதை நான் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சொல்கிறவர்களைவிட வாங்கிக்கொள்கிறவர்களுக்குத்தான் அதில் வேலை அதிகம்.

வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, "நிதானமா மொதல்லேர்ந்து எழுதுங்க" என்றீர்கள். நிதானத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை. இந்த விஷயத்தில் நேற்றுவரை நான் வாயே திறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பேசியதெல்லாம் என் வீட்டுக்காரர் அபின். அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள், நான் அடியில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் மகிமா. சொந்த ஊர் திசையன்விளை. கல்யாணமாகித் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அபின் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர். குழந்தை இல்லை. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே அதைச் சொல்லிவிடுவது வழக்கம், கேட்கிறவர்களுக்கும் சிரமமில்லாமல் போகும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கருவாட்டுப் பொடி செய்து 'மகிமா பொடிகள்' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினேன். ஆர்டர் வாட்ஸப்பில் வரும், பொடி கூரியரில் போகும். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் எங்கள் மொட்டைமாடியில் எதைக் காயப்போட்டாலும் கரித்தூள் படியும். அதனால் பழைய வேட்டியைக் கொடியில் கட்டி, அதற்குக் கீழேதான் மிளகாயைப் பரப்புவேன். சாயங்காலம் ஒவ்வொரு மிளகாயையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பேன்.

தொடங்கிய புதிதில் யாராவது ஒரு நட்சத்திரம் குறைத்துப் போட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்போதுதான் பெனிஷா மேடத்தின் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிற பெண்களுக்கென்றே நடத்துகிறார். குறை சொல்கிற கஸ்டமர்தான் நமக்குச் சம்பளம் கேட்காத வாத்தியார் என்பார். குறை வந்த அன்றைக்கே நன்றி சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் திருத்திவிட வேண்டும். திருத்திய பொருளை அவருக்கே பரிசாக அனுப்ப வேண்டும். கூடவே, குறை சொன்னவரைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்: அவருக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது.

நான் சொன்னபடி கேட்கிற மாணவி. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள், "இன்னாம்மா, உப்பு மூட்டைய கவுத்துட்டியா" என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார். அன்றைக்கே நன்றி சொன்னேன். பிறகு அவர் முகவரிக்குப் போய் எதிர்ச்சாரியில் இரண்டு நாள் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டில் பேச்சுக்கொடுத்தேன். அவருக்கு ரத்தக்கொதிப்பாம், உப்பே சேர்ப்பதில்லையாம். ஆக, தவறு என் உப்பில் இல்லை. இருந்தாலும் குறைத்தேன், பரிசும் அனுப்பினேன். இன்றைக்கும் மாதாமாதம் வாங்குகிறார். இதைச் சொன்னால் அபின், "வீடு வரைக்கும் எதுக்குப் போன" என்று கேட்டார். நோட்டில் எழுத வேண்டாமா?

மாயாவுக்கு வருகிறேன்.

மாயா வியாசர்பாடிப் பெண். வயது இருபத்துநாலு. எங்கள் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் பில் போடுகிற வேலை. அதோடு இன்ஸ்டாகிராமில் 'துன்னுட்டு சொல்றேன்' என்று ஒரு பக்கம் நடத்தினாள். யாரிடமும் ஓசியில் வாங்க மாட்டாள். சொந்தமாக வாங்கிச் சாப்பிட்டு, நல்லதை நல்லது என்பாள், இல்லாததை இல்லை என்பாள், கடைசியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று சொல்லி முடிப்பாள். வடசென்னைப் பேச்சை அப்படியே பேசுவாள், அதைக் கேட்கவே ஆயிரக்கணக்கில் ஆள் உண்டு. என் பூண்டு இட்லிப் பொடியை வாங்கி முதல் ரீல் போட்டாள்.

"பூண்டு வாசன சும்மா தூக்குது. காரந்தான் பத்தல. இன்னொண்ணு, உள்ள இன்னா போட்டுகீதுன்னு கவர்ல ஒரு வரி எயுதலயேக்கா. எனக்கு வேர்க்கடல ஆவாது. போன் போட்டு கேட்டுட்டுதான் துன்னேன். கேக்காதவங்க இன்னா பண்ணுவாங்க?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே நன்றி சொன்னேன். அவளும் தனியாக எழுதினாள்: "சின்ன வயசுல ரெண்டு தபா மூச்சு நின்னு பொயச்சிகீறேன்க்கா. அதான் எல்லார்கைலயும் கேட்டுகினே இருப்பேன். தப்பா எடுத்துக்காத." தப்பே இல்லையம்மா என்று பதில் போட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டேன்: மாயா, பூண்டு பிடிக்கும், காரம் கூட வேண்டும், வேர்க்கடலை ஆகாது. அன்றிலிருந்து என் சமையலறைக்குள் நிலக்கடலையை விடவில்லை, மேடம். சட்னிக்குக்கூடக் கிடையாது. அபினுக்குக் கடலைச் சட்னி என்றால் உயிர், மனிதர் ஏங்கியே போனார். ஒரு வாடிக்கையாளருக்காக இப்படிச் செய்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

லேபிள் அடித்தேன். உளுந்து, கடலைப்பருப்பு, பொரிகடலை, பூண்டு, மிளகாய், பெருங்காயம், உப்பு. எங்கள் ஊரில் பொட்டுக்கடலையைப் பொரிகடலை என்போம். பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிற சொல், யோசிக்காமல் எழுதிவிட்டேன். மாயா அடுத்த ரீல் போட்டாள்.

"பொரிகடலயாம். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு முன்னால பொரியும் கடலயுமா வெச்சி படைப்பாங்களே, அத்தயா அரச்சி போட்டுகீது இந்தக்கா? பேஜாராயி போன் போட்டேன். பொட்டுக்கடலைக்கு அவங்க ஊர்ல அதான் பேராம். நல்லா கேட்டுக்கங்க மக்களே, பொரிகடலன்னா பொட்டுக்கடல, வேர்க்கடல இல்ல, பயப்படாம துன்னுங்க. இனிமே இவங்க நம்ம பொரிகடல அக்கா."

அந்த ரீலை எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். எனக்கு ஆர்டர் இரண்டு மடங்கானது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் காசிமேட்டில் மீன் வாங்கப் போனால், "இன்னா பொரிகடலக்கா, எறா பாக்கிறியா" என்றார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூரியர்காரர்கூட அந்தப் பெயரைத்தான் ரசீதில் எழுதினார். அபினிடம் சொன்னேன். "நல்ல வெளம்பரம்லா. சிரிச்சிட்டுப் போவியா" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மாயாவுக்கு நன்றி சொன்னேன். லேபிளில் பொரிகடலையை எடுத்துவிட்டுப் பொட்டுக்கடலை என்று மாற்றி அடித்தேன். "எதுக்குக்கா மாத்தின, அதான் சூப்பரா இருந்திச்சி" என்று அவளே வருத்தப்பட்டாள்.

அவள் என் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் அரைநாள் முடிந்து. சமையலறையைக் காட்டி ஒரு ரீல் போட ஆசை என்றாள். வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு, ரசித்துச் சாப்பிட்டாள். மொட்டைமாடியைப் பார்த்தாள், வேட்டிப் பந்தலைப் பார்த்து, "யம்மா, இம்மாம் வேலயா" என்று அசந்தாள். அதற்கப்புறம், "உரல் எங்கக்கா?" என்றாள்.

என் எல்லாக் கவரிலும் 'உரலில் இடித்தது' என்று இருக்கும். பெனிஷா மேடம் அப்படிப் போடச் சொல்லியிருந்தார், எல்லோரும் போடுகிறார்கள் என்றார். உரல் இல்லாமலில்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்தது. அதில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தேன். மாயா குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப யாருக்கா இடிக்கிறது?"

"மாவு மில்லுலதான் குடுப்பேன்மா. நல்லா கழுவின மெஷின்."

"மில்லுல அரச்சா இன்னா தப்பு? அத்தயே எயுதிட வேண்டிதான." போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "இத்த போடட்டாக்கா? உனக்கு சங்கடம்னா வாணாம்."

போடு என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டாள், அந்தப் பெண் அப்படிப்பட்டவள்தான். ஆனால் குறைக்குப் பயப்படுகிறவள் என்று அவள் என்னை நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன், போடும்மா, எனக்கென்ன.

"உரல்ல இடிச்சதுன்னு கவர்ல கீது. உரல்ல வெங்காயம் தூங்கினு கீது. பொடி நல்ல பொடி, கையி சுத்தமான கையி, நம்பி வாங்குங்க. பொய்யி மட்டும் வாணாம்க்கா."

நல்ல பொடி, சுத்தமான கை என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. பொய் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. எங்கள் பங்குத் திருவிழா ஸ்டாலுக்கு இருநூறு பாக்கெட் கேட்டிருந்தார்கள். மாதர் சங்கத்து வியாகுலம்மாள் போன் செய்து, "தப்பா நெனச்சுக்காத மகிமா. ஃபாதர் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். அந்த வாரம் முழுக்க ஒரு ஆர்டர் வரவில்லை. வந்ததெல்லாம் வெங்காயப் படங்கள். போனை எடுத்தால் யாராவது வெங்காயம் அனுப்பியிருப்பார்கள்.

உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று தடவையும் அவள் சொன்னது சரி. சரியில்லாத குறை என்றால் கொருக்குப்பேட்டை அம்மாளைப் போல விட்டுவிடலாம். சரியான குறையை என்ன செய்வது? படுத்தால் அதுதான் காதில் கேட்டது, எழுந்தால் அதுதான். சொல்கிற ஆள் இருக்கிறவரை இன்னும் எதையாவது பார்த்துச் சரியாகச் சொல்லிக்கொண்டேதான் இருப்பாள் என்று தோன்றியது. அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டேன். மிச்சமிருந்தது திருத்தமும் பரிசும்தான்.

உரலிலிருந்த வெங்காயத்தை முறத்தில் கொட்டினேன். உரலை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். நெட்டுக்குப்பம் போய் கருவாடு விற்கிற கெங்கம்மாவிடம் சென்னாக்குன்னி வாங்கினேன். பொடி இறால்தான், காய்ந்தது, வறுத்து இடித்தால் அதன் வாசனைக்கு முன்னால் வேறெதுவும் நிற்காது. மாயாவுக்கு மிகவும் பிடித்தது, பிறகு நோட்டில் சேர்த்திருந்தேன். திரும்பி வருகிற வழியில் எண்ணூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றது. மணலில் வறுத்த கடலை, சுடச்சுட. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் இடித்தேன். பழக்கமில்லாத வேலை, தோள்பட்டை இற்றுப்போனது, உள்ளங்கையில் கொப்புளம். காரத்தைக் கூட்டினேன். பூண்டைக் கூட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பொடிகளிலேயே அதுதான் அருமையான பொடி. அதில் சந்தேகமே வேண்டாம்.

கவருக்கு அச்சடித்த லேபிள் ஒட்டவில்லை, கையால் எழுதினேன். உளுந்து, சென்னாக்குன்னி, பொரிகடலை, பூண்டு, மிளகாய், உப்பு. உரலில் இடித்தது. பொரிகடலை என்றால் என்ன என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்தச் சொல்லைப் பார்த்தால் சிரிப்பாள், பயப்பட மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் யார்டு கேட்டில் நின்று நானே கொடுத்தேன். என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். கொப்புளத்தைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"வேற யாரா இருந்தா என்ன பிளாக் பண்ட்டு பூட்டிருப்பாங்க. நீ மன்ஷிக்கா. ஞாயித்துக்கெயம லைவ் போட்றேன். எல்லார் முன்னாடியும் துன்னுட்டு, அக்கா திருத்திக்கினாங்கன்னு சொல்றேன்." போகப் போனவள் திரும்பி, "வேர்க்கடல இல்லியேக்கா?" என்றாள். எப்போதும் கேட்பதுதான்.

"கவர்ல எழுதியிருக்கேன்மா. பாத்துக்கோ" என்றேன்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும், மேடம். பொய் வேண்டாம் என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

வெள்ளி போய் சனி வந்தது. போன் என் கையில்தான் இருந்தது, அவள் நம்பர் அதில் இருந்தது. சனிக்கிழமை ஐந்தாறு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவை அழைத்தும் விட்டேன். மணி இரண்டு தடவை அடித்ததும் நானே வைத்துவிட்டேன். அவள் திருப்பி அழைத்து, "இன்னாக்கா?" என்றாள். ஒன்றுமில்லை, கைதவறிப் பட்டுவிட்டது என்றேன். சரிக்கா என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து, அபினுக்குச் சாப்பாடு போட்டு, அவர் படுத்ததும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயா பச்சைச் சுடிதார் போட்டிருந்தாள். அவள் அம்மா ராஜாத்தி தட்டில் நாலு இட்லி வைத்துவிட்டு, கேமராவில் முகம் தெரியக் கூடாது என்று ஒதுங்கினார். மாயா கவரைத் தூக்கிக் காட்டி, நான் எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். பொரிகடலை வந்ததும் சிரித்து, "பாத்தீங்களா, அக்கா மறுபடி அவங்க பேர போட்டுகினாங்க" என்றாள். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தாள்.

முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். "காரம் இப்பதான் கரெக்டா கீது" என்றாள். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். கழுத்தைச் சொறிந்தாள். உதட்டைத் துடைத்தாள். நான் கமெண்ட் போடுகிற இடத்தில் 'சாப்பிடாதே' என்று அடித்தேன். சத்தியமாக அடித்தேன், மேடம். அனுப்புகிற பொத்தானுக்கு மேல் விரலை வைத்திருந்தேன். ஆனால் அவள் இன்னும் நட்சத்திரம் சொல்லவில்லை.

தண்ணீர் குடித்தாள். குரல் கம்மியிருந்தது. "காரம் தொண்டைல ஏறிச்சி போல," என்றாள். "பொரிகடல அக்காவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. இதாம்மா இடிச்ச பொடி. அக்கா பொய்யின்னு இனிமே யாராவது சொன்னீங்க..." அதற்கு மேல் வரவில்லை. போன் மல்லாக்க விழுந்தது. அப்புறம் மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. ராஜாத்தி, "மாயா, மாயா, இன்னாடி, ஊசி எங்க வெச்சிகிற" என்று கத்துவது கேட்டது. கடலை பட்டு மூச்சு அடைத்தால் உடனே போட்டுக்கொள்கிற ஊசி, அவள் ஆபீஸ் பையில் இருந்திருக்கிறது, பை ஆபீசிலேயே இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது, நோட்டில் இல்லை.

அடித்து வைத்திருந்ததை அழித்தேன். பாராட்டுக்கும் அன்றைக்கே நன்றி சொல்ல வேண்டும் என்பார் பெனிஷா மேடம். இரண்டு கை கூப்பிய படத்தை மட்டும் போட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அதைப் பிரார்த்தனை என்று எடுத்துக்கொண்டு அவர்களும் கை கூப்பினார்கள். அவள் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

நீங்கள் வீட்டுக்கு வந்தபோது அபின் என்னைக் கையமர்த்தினார். "நீ ஒண்ணும் பேசாத, நான் சொல்லிக்கிடுதேன்." அவர் மனதில் களங்கம் இல்லை, அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். எங்க ஊர்ல எல்லாத்துக்கும் கடலைன்னுதான் பேரு மேடம், பொரிகடலைக்குப் பதிலா எந்தக் கடலையையோ மாத்தி வாங்கிப் போட்டுட்டா, பாவம், அவசரத்துல கவனிக்கல என்றார். எண்பதாயிரம் பேர் பார்த்த ரீல் இருந்தது, நீங்களும் நம்பினீர்கள். ஊர்ப் பேச்சால் வந்த குழப்பம் என்று எழுதினீர்கள். கவனக்குறைவு என்று எழுதினீர்கள். ஜாமீனில் விட்டீர்கள். பேப்பரிலும் அதே சொல்தான்: வீட்டுத் தயாரிப்பாளரின் கவனக்குறைவு.

எங்கள் ஊரில் நிலக்கடலைக்கு ஒரு பேர், பொரிகடலைக்கு ஒரு பேர். நாலு வயதுப் பிள்ளையை அனுப்பினாலும் மாற்றி வாங்கி வராது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அபின் அழுதுகொண்டிருந்தார், சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டு நாள் இருந்துவிட்டேன். இன்னும்கூட இருந்திருப்பேன், நேற்று ராஜாத்தி வராமலிருந்தால்.

நேற்றுக் காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வர்லாமா?" என்று கேட்டார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"கேசு வாபஸ் வாங்க முடியுமான்னு கேக்கத்தான் வக்கீலாண்ட போயிட்டு வரேன்," என்றார். "நீ இன்னா வேணும்னா பண்ணுவே? உன் கையில கொப்பளம் வந்த கதய என் பொண்ணு ஒருநா முச்சூடும் சொல்லிகினு இருந்துச்சி. உன் மேல கோவம் இல்ல."

தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வேர்க்கடல எது, பொட்டுக்கடல எதுன்னு கூட பாக்க தெரியாத கையில என் பொண்ணு வாங்கி துன்னுச்சே, அதான் அது தலையெயுத்து." எழுந்து என் தோளைத் தொட்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன் கண்ணு, மனசுல வெச்சிக்காத. இனிமே நீ யாருக்கும் பொடி கிடி செஞ்சி குடுக்காத. உனக்கு அந்த வேல வராது. பாத்து செய்ற பக்குவம் உனக்கு இல்ல."

மூன்று வருடத்தில் எனக்கு வந்த குறைகளில் இதற்கு மட்டும்தான் என்னால் நன்றி சொல்ல முடியவில்லை. அவர் படியிறங்கிப் போகும்வரை நின்றேன். அப்புறம் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அபின் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனவர், காலைவரை இறங்கி வரவில்லை.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே சொன்னால் வெளியே தெரியாது, மேடம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எண்ணூர் பஸ் நிறுத்தத்தில் கடலை வாங்கியது நான். தோல் நீக்கி, சொத்தை பொறுக்கி, உரலில் போட்டு இடித்தது நான். அது எது என்று தெரிந்து, யாருக்கு என்று தெரிந்து, சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து செய்தேன். கொலை என்று போட்டுக்கொள்ளுங்கள், அது சரியான சொல்தான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கவனக்குறைவு என்று இருக்கிற இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள். அடித்த பிறகு இதில் ஒரு நகலை ராஜாத்தியம்மாளுக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். மகளைப் பறிகொடுத்தவர். என் கை தெரியாமல் செய்துவிட்டது என்று அவர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.